சிலுவையைக் காட்டி மன்னிப்பு கேட்பவர்களுக்கு

"இயேசுவே சிலுவையில தொங்கிக்கிட்டு மன்னிச்சாரு. உனக்கு என்னம்மா?" எங்கள் பக்கத்தில் இந்த வாக்கியம் காதில் விழாமல் ஒரு தவக்காலம் கழிவதில்லை. பாகப்பிரிவினைத் தகராறோ, குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனோ, சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓசூர் பக்கம் போய்விட்ட பங்காளியோ, எதுவானாலும் பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள், பேச்சு ஒரு இடத்தில் முட்டி நிற்கும், அப்போது ஒரு பெரியவர் சுவரில் மாட்டியிருக்கிற பாடுபட்ட சுரூபத்தைக் கையால் காட்டி இதைச் சொல்வார். அதோடு பேச்சு முடிந்தது. சிலுவைக்கு எதிராக யார் வாய் திறப்பது?

இது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதைக் கொஞ்ச காலமாகவே கவனித்து வருகிறேன். நிலத்தை எடுத்துக்கொண்டவரிடம் யாரும் சிலுவையைக் காட்டுவதில்லை, பறிகொடுத்தவரிடம்தான் காட்டுகிறார்கள். அடித்தவனிடம் போய் "நீ அடிச்ச அடி அவர் மேலதான்பா விழுந்துச்சு" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அடிபட்டவளிடம்தான் "அவரு எவ்வளவு பட்டாரு தெரியுமா" என்கிறோம். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். கிறிஸ்து சிலுவையில் மரித்ததால்தான் என் பாவங்களுக்கு மன்னிப்பு உண்டு என்று நம்புகிறேன், ஒவ்வொரு பெரிய வெள்ளியும் முழந்தாளிட்டு அந்தச் சிலுவையை முத்தி செய்கிறேன். அந்த நம்பிக்கையில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. அப்படி நம்புவதால்தான், நம்மிடம் இருப்பதிலேயே பெரிய ஒன்றை ஏற்கெனவே இழந்து நிற்பவரின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறோமே என்று மனசு ஆறவில்லை.

போன தவக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் அத்தைக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். மாமா சின்ன வயதிலேயே போய்விட்டார். அவர் பாகத்துக்கு வந்தது ஒன்றேகால் ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா, வரப்போரம் நாலைந்து செந்தூரா மரங்கள். மாமா போய்க் கொஞ்ச நாளில் கொழுந்தனார் வந்து, வாரிசுச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அத்தையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாரிசுச் சான்றிதழ் தாலுகா ஆபீஸ் விஷயம் என்பது அத்தைக்கு எப்படித் தெரியும்? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அது விடுதலைப் பத்திரம். தன் பாத்தியதை முழுவதையும் கொழுந்தனாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாக அத்தையே எழுதிக் கொடுத்த மாதிரி. அடுத்த காய்ப்புக்குத் தோப்புக்குள் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஊரில் பேசிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு வக்கீலிடம் போனதற்கு, கையெழுத்து உங்களுடையதுதானே, காலமும் கடந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார். அதிலிருந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் அத்தை சீசனுக்குச் சீசன் மாங்கூழ் ஃபேக்டரியில் பழம் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனார். லோடு லோடாகப் பெங்களூரா வந்து இறங்கும். அதில் தன் தோப்புப் பழமும் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எது எந்தத் தோப்பு லோடு என்று ஒரு நாளும் யாரிடமும் விசாரித்ததில்லை என்பார்.

அந்தக் கொழுந்தனார் இப்போது நிறைய மாறிவிட்டார் என்கிறார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். குடியை விட்டுவிட்டார், தியானங்களுக்குப் போகிறார், ஞாயிறு பூசைக்கு முன் வரிசையில் நிற்கிறார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், கோயில் காரியங்களில் சாமியாருக்கு உதவுகிற உபதேசியாரையும் பங்குப் பேரவையில் இருக்கிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். "அண்ணி, நடந்தது நடந்துபோச்சு. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன், ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டாரு. நீங்களும் மனசுல வெச்சுக்காதீங்க. பாப்பா கல்யாணத்துல நீங்கதான் முன்னால நிக்கணும்" என்றார். குரலில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அத்தை ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "தோப்பு?" அவர் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார், "அம்மா, இது சொத்துப் பேச்சு இல்ல, ஆத்துமப் பேச்சு" என்று ஆரம்பித்து, கடைசியில் அந்த வாக்கியத்துக்கே வந்து சேர்ந்தார். இயேசுவே தொங்கிக்கொண்டு மன்னித்தாரே.

அத்தை கோபப்படவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "உபதேசியாரே, தொங்கினவரு சொன்னாரு. அவரு சொன்னா அது மன்னிப்பு. கீழ நின்னு ஆணி அடிச்சவன் மேல பார்த்து, 'நீ மன்னிச்சிடு, அதான் உனக்கு அழகு'ன்னு சொன்னானா? வேதத்துல எங்கயாச்சும் அப்படி எழுதியிருக்குதா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அத்தை உள்ளே போய் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். கொழுந்தனாருக்கும்தான். அன்று ராத்திரி என்னிடம், "தாங்கள் செய்யறது தெரியலன்னு அவரு வேண்டினாரு. இவரு பத்திரம் எழுதி, சாட்சி வெச்சு, ஸ்டாம்பு ஒட்டிச் செஞ்சாரு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வியோடு நற்செய்திகளைத் திரும்ப எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஒரு வசனம்

"தந்தையே, இவர்களை மன்னியும், தாங்கள் செய்வது என்னவென்று இவர்களுக்குத் தெரியவில்லை" என்ற மன்றாட்டு நான்கு நற்செய்திகளில் லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது, 23-ஆம் அதிகாரம் 34-ஆம் வசனத்தில். பெரிய வெள்ளி மாலை வழிபாட்டில் நாம் கேட்கிற பாடுகளின் வரலாறு யோவான் எழுதியது, அதில் இந்த வார்த்தை கிடையாது. லூக்காவின் பாடுகளை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குருத்து ஞாயிறன்று வாசிக்கிறோம், கடைசியாக 2025-ல் வாசித்தோம். ஆனால் சிலுவையின் ஏழு வார்த்தைகளில் முதலாவது என்பதால் எல்லாருக்கும் இது மனப்பாடம். இன்னொரு விஷயம், பழைய கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றிலும் இந்த வசனம் இல்லை. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாத்திக்கான் பிரதியில் இல்லை, அதே நூற்றாண்டின் சீனாய் பிரதியில் இருக்கிறது. பிரதி எடுத்தவர்களில் சிலருக்கே இதை ஏற்க முடியாமல் விட்டிருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கு அது நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது. தன் சொந்த ஜனங்கள் துன்புறுத்தப்படுகிற காலத்தில் உட்கார்ந்து ஒருவர் இதை எழுதும்போது கை நின்றிருக்கும். மன்னிப்பு அவ்வளவு லேசான காரியமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நம் அன்பியக் கூட்டங்களில்தான் அது பத்து நிமிஷத்தில் முடிகிற காரியமாகிவிட்டது.

வசனத்தை மெதுவாக வாசித்தால் இன்னொன்று தெரிகிறது. இயேசு படைவீரர்களைப் பார்த்து "உங்களை மன்னித்துவிட்டேன்" என்று சொல்லவில்லை. தந்தையிடம் கேட்கிறார். முடக்குவாதக்காரனிடம் "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்று நேரே சொன்னவர், பரிசேயன் வீட்டு விருந்தில் அழுத பெண்ணிடமும் அப்படியே சொன்னவர், இங்கே ஆணிகளுக்கு நடுவில் மூச்சு முட்டும்போது அதைத் தந்தையின் கையில் ஒப்படைக்கிறார். இதிலிருந்து பெரிய இறையியல் எதையும் நான் கட்டவில்லை. ஆனால் அத்தை ஒருநாள் சொன்னது இதனோடு சேர்ந்துகொண்டது. ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் அவர் கொழுந்தனார் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறாராம். "நீங்க அவர மன்னிச்சிடுங்க சாமி, எனக்கு இன்னும் வரல" என்று. பல வருஷமாக இப்படித்தானாம். மன்னிக்காதவள் என்று அவரைப் பேசியவர்களுக்கு இது தெரியாது. காயம் பட்டவர் காயத்தின் மேலேயே இருந்துகொண்டு, தன்னால் ஆகாததைத் தந்தையிடம் கேட்கிறார். சிலுவையில் நடந்ததற்கு இதைவிட நெருக்கமாக ஒரு மனுஷி எப்படி வர முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, ஆனால் ஒரு கஷ்டமான இடம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. சிலுவையின் கீழே நின்ற யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. உடைக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்காதவர்களுக்காகத்தான் இயேசு வேண்டினார். நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்று பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். அப்படியானால் உபதேசியார் சொன்னதுதானே சரி? தோப்பைத் திருப்பிக் கொடு, அப்புறம் மன்னிக்கிறேன் என்று சொல்ல ஒரு கிறிஸ்தவருக்கு உரிமை உண்டா? பல நாள் இந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கதவு திறந்தது லூக்கா எழுதிய அடுத்த நூலில், திருத்தூதர் பணிகளில்.

அதே எருசலேம். பாஸ்காவிலிருந்து ஐம்பது நாள் கழித்துப் பெந்தக்கோஸ்து. பேதுரு கூட்டத்தின் முன் எழுந்து நிற்கிறார். "ஆண்டவர் ஏற்கெனவே சிலுவையிலேயே மன்னித்துவிட்டார், பழசைக் கிளற வேண்டாம்" என்றா ஆரம்பிக்கிறார்? இல்லை. நீங்கள் சிலுவையில் அறைந்த இந்த இயேசுவைக் கடவுள் ஆண்டவரும் மெசியாவுமாக்கினார் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அதைக் கேட்டு அவர்கள் உள்ளம் குத்துண்டு போகிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். மனம் மாறுங்கள், பாவமன்னிப்புக்காகத் திருமுழுக்குப் பெறுங்கள் என்கிறார். அடுத்த அதிகாரத்தில் இன்னும் தெளிவு. நீங்கள் அறியாமையினால்தான் இப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று சிலுவையின் வார்த்தையையே ஏறக்குறையத் திரும்பச் சொல்கிறார், சொல்லிவிட்டு, ஆகவே உங்கள் பாவங்கள் போக்கப்படும்படி மனம் மாறுங்கள் என்கிறார். இரண்டையும் எழுதியவர் ஒரே லூக்கா. (இந்த வசனங்களை வைத்து யூத இனம் முழுவதன் மேலும் பழி போட்ட ஒரு நீண்ட, கேடுகெட்ட சரித்திரம் கிறிஸ்தவர்களுக்கு உண்டு. அது தவறு என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொன்னது. சிலுவைத் தண்டனையை நிறைவேற்றியது ரோம ஆட்சி.) ஆக, கேட்காமலே கொடுக்கப்பட்ட மன்னிப்பு கூட, போய்ச் சேர வேண்டியவரிடம் உண்மையின் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. நீ செய்தது இது என்று ஒருவர் சொல்ல வேண்டும், ஆம் என்று மற்றவர் தலை குனிய வேண்டும். எங்கள் வீட்டில் அன்று நடந்தது இதற்கு நேர்மாறு. பேதுருவின் இடத்தில் நின்று பேச வேண்டிய உபதேசியார், குத்துண்டு போக வேண்டியவரைக் காப்பாற்றிக்கொண்டு, ஏற்கெனவே குத்துப்பட்டவரிடம் மனம் மாறச் சொன்னார்.

இரத்தம் கேட்கிற கடவுளா

சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் எனக்கு ஒரு பயம் இருந்தது. கடவுளுக்கு நம்மேல் கோபம், யாராவது அடி வாங்கினால்தான் அது தணியும், அதனால் மகன் வாங்கிக்கொண்டார் என்று ஒரு படம் மனதில் பதிந்திருந்தது. கெட்ட குமாரனின் தகப்பன் யாரையும் அடிக்காமல் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாரே, அவரைவிடக் கடவுள் கடுமையானவரா என்று கேட்க அப்போது தெரியவில்லை. பிறகு வாசித்தபோதுதான் இதற்குள் எத்தனை சிந்தனைகள் ஓடியிருக்கின்றன என்று புரிந்தது. 11-ஆம் நூற்றாண்டில் கான்டர்பரி பேராயராக இருந்த அன்செல்ம், பாவம் கடவுளுக்குரிய மகிமையைப் பறிக்கிறது, அதை ஈடுகட்ட வேண்டியவன் மனிதன், ஈடுகட்டக் கூடியவரோ கடவுள் மட்டும், அதனால்தான் கடவுளே மனிதரானார் என்றார். அடுத்த தலைமுறையில் பாரிசில் கற்பித்த அபெலார்ட், சிலுவையில் தெரிகிற அன்பு நம் கல் நெஞ்சை உருக்கி நம்மை மாற்றுகிறது என்பதில் அழுத்தம் கொடுத்தார். சீர்திருத்தச் சபையினர் தண்டனை என்ற கோணத்தை முன்னே கொண்டுவந்தார்கள். இவற்றில் ஒன்றைப் பிடித்து இதுதான் ஒரே விளக்கம் என்று எந்தப் பொதுச் சங்கமும் அறுதியிட்டதில்லை. விசுவாசப் பிரமாணம், நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நின்றுவிடுகிறது.

எனக்கு இவர்கள் எல்லாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது, முக்கியமாக இப்போது வாசிக்கப் பிடிக்காத அன்செல்மிடமிருந்து. கணக்கை அவர் மறைக்கவில்லை. மன்னித்தால் நஷ்டம் காணாமல் போகாது, மன்னிக்கிறவர் அதைச் சுமக்கிறார், அவ்வளவுதான். அத்தை மன்னித்தால் அந்த ஒன்றேகால் ஏக்கரின் பதினைந்து வருஷக் காய்ப்பு எங்கேயும் மறைந்துவிடாது. அது மாங்கூழ் ஃபேக்டரியில் நின்ற அவருடைய கால் வீக்கத்திலும், பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தி ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன அவர் மகனிலும் இருக்கிறது. சிலுவை அந்த விலையை ஊர் பார்க்கத் தூக்கி நிறுத்துகிறது. பார், மன்னிப்பு என்றால் இவ்வளவு ஆகும், யார் தலையில் விழுகிறது என்று பார். ஆகவே சிலுவையைக் காட்டி விலையைப் பற்றிப் பேசாதே என்று சொல்வதைப் போலச் சிலுவைக்கு விரோதமான பேச்சு வேறு இல்லை.

கடவுள் என்னை மன்னித்துவிட்டார் என்று கொழுந்தனார் சொன்னாரே, அதையும் யோசித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கிடைக்கிற மன்னிப்பு மெய்யானது, அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அத்தைக்குச் செய்த துரோகத்தைக் கடவுள் எந்த உரிமையில் மன்னிக்கிறார்? நடுவில் வந்த மூன்றாம் மனிதர் மாதிரி அவர் மன்னித்தால் அது அத்தைக்கு இன்னொரு அநியாயம். சிலுவைதான் இதற்குப் பதில் என்று நினைக்கிறேன். மிகச் சிறியோருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று மத்தேயு 25-ல் சொன்னவர், சிலுவையில் அநியாயம் செய்யப்பட்டவர்களின் பக்கத்தில் தன் உடம்போடு போய் நின்றுவிட்டார். மன்னிக்கிற கடவுள் அத்தையின் பக்கத்திலிருந்துதான் மன்னிக்கிறார். அவரிடம் போகிறவர் அத்தையைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. மலைப்பொழிவிலும் இதைத்தான் சொல்கிறார்: பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவரிடம் போ. மனத்தாங்கல் உள்ளவரைப் பார்த்துச் சொன்னது இல்லை இது, மனத்தாங்கலுக்குக் காரணமானவரைப் பார்த்துச் சொன்னது. வரி வசூலிப்பவரான சக்கேயு இதைப் புரிந்துகொண்டவர். இயேசு வீட்டுக்குள் வந்த அன்றே, ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அதற்குப் பிறகுதான், இன்று இந்த வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று என்ற வார்த்தை வருகிறது.

பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனின் உவமையை எடுத்து யாராவது இதற்கு மறுப்புச் சொல்லலாம், எனக்கும் சொன்னார்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் தெனாரியம், ஆக ஒருவன் எத்தனை பிறவி உழைத்தாலும் தீராத கடன். அதைத் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் நூறு தெனாரியத்துக்காகச் சக வேலைக்காரன் கழுத்தை நெரித்தான். உண்மைதான், எனக்கு மன்னிக்கப்பட்டது எவ்வளவு என்று நினைத்தால் நடுங்குகிறது. ஆனால் அந்தச் சக வேலைக்காரன் காலில் விழுந்து, பொறுத்துக்கொள், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினான் என்றும் எழுதியிருக்கிறது. அத்தையின் காலில் யார் விழுந்தார்கள்? கடனே இல்லை, எல்லாம் ஆத்துமப் பேச்சு என்று சொன்னவர்களிடம் எதைத் தள்ளுபடி செய்வது?

நடுகல்லும் சிலுவையும்

எங்கள் மாவட்டங்களில், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும், நடுகற்கள் நிறைய. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். கையில் வில்லோ வாளோ ஓங்கியபடி ஒரு வீரன், சிலவற்றில் உடம்பில் தைத்த அம்புகளோடு. தொறு மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கும், மாற்றான் ஓட்டிக்கொண்டு போன ஊர் மாடுகளை மீட்கப் போய்ச் செத்தான் என்று அர்த்தம். ஊருக்காகச் செத்தவனைக் கல்லாக நட்டுக் கும்பிடுவது இந்த மண்ணில் கிறிஸ்தவம் வருவதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது. போன வருஷம் அங்கே போனபோது, நமக்காக மரித்தார் என்ற செய்தி எங்கள் முன்னோர்களுக்கு ஏன் அந்நியமாக இருந்திருக்காது என்று தோன்றியது. ஒரு வித்தியாசம் உண்டு, அது பெரிய வித்தியாசம். நடுகல் வீரன் எதிரியை வெட்டிக்கொண்டே சாகிறான், அவன் ஓங்கிய கை கல்லில் அப்படியே நிற்கிறது. சிலுவையில் இருப்பவருடைய கை விரிந்து கிடக்கிறது, எதிரிக்காக வேண்டுகிறது. ஆனால் இரண்டு இடத்திலும் காயத்தை யாரும் மறைக்கவில்லை. அம்பு தைத்த இடத்தைச் சிற்பி விட்டுவிடவில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவும் ஆணித் தழும்பில்லாத புது உடம்போடு வரவில்லை, கையைக் காட்டி, விலாவைக் காட்டித்தான் "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்றார். தோமாவைத் தொட்டுப் பார்க்கவும் சொன்னார்.

மன்னித்தவர்கள் என்று நாம் மேடையில் சொல்லும் பெயர்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறு பையன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தேன் என்றார். அந்த அம்மா அதைத் தன் வாயால், தன் நேரத்தில் சொன்னார். வீட்டுக்கு ஆள் அனுப்பி யாரும் வாங்கவில்லை. வழக்கும் நிற்கவில்லை, முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதி செய்தது. இரண்டாம் யோவான் பவுல் 1981 மே 13 அன்று தன்னைச் சுட்டவனை மன்னித்தார், 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். பேசி முடித்துப் பாப்பரசர் வெளியே வந்தார், அவன் உள்ளேயே இருந்தான், இத்தாலியச் சிறையிலிருந்து அவன் வெளியேறியது 2000-ல்தான். மன்னிப்பும் பொறுப்பும் ஒரே அறையில் இருந்திருக்கின்றன. இந்த இரண்டு கதைகளையும் நம் கூட்டங்களில் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

வைகாசியில் அந்தக் கல்யாணம் நடந்தது. அத்தை போக மாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். போனார். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டார், நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். "அந்தப் பொண்ணு என் மடியில வளந்தது, அது என்ன பண்ணுச்சு" என்றார். கோயிலில் மோதிரம், தாலி எல்லாம் மந்திரித்து முடிந்ததும் பெண்ணின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வாதம் செய்தார். பந்தியில் கொழுந்தனார் எங்கள் இலைப் பக்கம் வந்து, சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி, "அண்ணி வந்துட்டாங்க, எல்லாம் சரியாயிடுச்சு" என்று நாத் தழுதழுக்கச் சொன்னார். அத்தை நிமிர்ந்து பார்த்து, சத்தத்தை ஏற்றாமல் இறக்காமல், "கல்யாணத்துக்கு வந்தேன் தம்பி. தோப்புப் பேச்சு அப்படியே இருக்குது. என்னைக்கு வரீங்களோ அன்னைக்குப் பேசலாம், வீடு தொறந்துதான் இருக்கும்" என்றார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த உபதேசியார் இதைக் கேட்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவர் கொழுந்தனாரைத் தனியாகக் கூப்பிட்டு வேப்ப மரத்தடியில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாராம். அத்தையிடம் சொன்னேன். "வரட்டும்" என்றார், பிறகு சீசன் ஆரம்பித்துவிட்டதென்று வேலைக்குக் கிளம்பினார்.